கொட்டகையில் இருந்த இன்னொருவன்

ஜூலை 7, திங்கள். காலையிலிருந்து மழை.

நோட்டே, மன்னித்துக்கொள். எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது. எழுதத் தெரிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்று காய்ச்சல் வேறு.

ஆஸ்பத்திரி. ஜன்னலோரக் கட்டில். எல்லாரும் டெங்கி என்றார்கள், நானும்தான். ரத்தத்தில் டெங்கி இல்லை. மலேரியா. குரங்கைக் கடித்த கொசு மனிதனையும் கடித்தால் வருமாம். மலேரியா. யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். எழுபத்தொரு வயதில் என் நோயின் பெயரை என் கையாலேயே. சந்தோஷம். இடுப்பு மட்டும் விட்டுப் போகிறது.

மாத்திரை 4. காலை மணி 10. பாலோடு. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராதாம்.
மறுபடி 4. மாலை மணி 6.

என் வீட்டுக்காரி அந்தோணியம்மா கஞ்சி கொண்டுவந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். "காய்ச்சல் உங்களுக்கா, பேனாவுக்கா?"

ஜூலை 8, செவ்வாய். வெயில்.

காய்ச்சல் 38.9. வாய் கசப்பு. சுகாதார இலாகாவிலிருந்து குமார் என்று ஒரு தம்பி. எங்கே தூங்கினேன், குரங்கு உண்டா, கொசுவலை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். ரெங்கம் பக்கம் டுரியான் பழத் தோட்டத்தில் மூன்று வாரம் காவல், காட்டோரக் கொட்டகை என்றேன். குரங்கு கூரை மேலேயே. வலை கிழிசல். கூட யார் என்றார். யாரும் இல்லை என்றேன்.

பொய். கார்யோ இருந்தான். இந்தோனேசியாக்காரன், வேலை பெர்மிட் முடிந்துபோனவன். பெயரைச் சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தோணியம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை.

ஜூலை 9, புதன். மப்பு.

சரியான தூக்கம் இல்லை. இந்தக் கிருமி ஒவ்வொரு நாளும் பெருகும் என்றார் டாக்டரம்மா. இன்னும் இரண்டு நாள் வீட்டில் படுத்திருந்தால் கிட்னி போயிருக்குமாம்.

சனிக்கிழமை நான் கொட்டகையிலிருந்து கிளம்பும்போது கார்யோ தலையில் துண்டு கட்டியிருந்தான். தலைவலி என்றான். என்னிடம் இருந்த இரண்டு பனடோல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். விரலில் எண்ணினேன். எழுதியும் பார்த்தேன். ஐந்து நாள், குறையவில்லை.

மத்தியானம் குமார் வந்தார். கார்யோவைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"இமிகிரேசனுக்குச் சொல்லிருவீங்களா தம்பி?"

"எனக்கு ரத்தம்தான் வேணும் தாத்தா, பாஸ்போர்ட் இல்ல. ஆனா மத்தவங்களுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது."

ஏமாற்றாமல் சொன்னார். அதுதான் பயம்.

ஜூலை 10, வியாழன். மழை.

கார்யோவைக் கொண்டுவந்துவிட்டார்கள். கொட்டகையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தானாம். கண் மஞ்சள். எனக்கு எதிர்க் கட்டில். என்னைப் பார்க்கவில்லை. நர்ஸ் மிஸ்ஸி கொடுத்த பாலைத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமிழில் எழுதியிருந்ததை மலாய் மொழியில் படித்தேன். திங்கள், மணி 10, நாலு, பாலோடு. மாலை 6, நாலு. அவனைப் பற்றிய பக்கம் வந்ததும் நிறுத்தவில்லை. பொய் சொன்னது, பிறகு காட்டிக்கொடுத்தது, எல்லாம் படித்தேன். அவன் பாலுக்குக் கையை நீட்டினான். பால் ஆறியிருந்தது.

என் ரத்தத்தில் இன்று கிருமி இல்லை.

ஜூலை 11, வெள்ளி. வெயில்.

இன்றும் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். ரெண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

நான் கிளம்பும்போது கார்யோ எழுந்து உட்கார்ந்திருந்தான். "குணமானதும் நான் எங்கே போவது, பாக்?" என்று கேட்டான். பாக் என்றால் அவன் பேச்சில் அப்பா, பெரியவர். கேள்வியை மட்டும் எழுதி வைக்கிறேன்.

குமார் சொன்னவை: சாயங்காலமும் விடியற்காலையும் காட்டோரம் வேண்டாம். நீளக்கை சட்டை. கொசு எண்ணெய். மறுபடி காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

மருந்து தோய்த்த வலை ஒன்று கொடுத்தார். இரண்டு கேட்டேன். யாருக்கு என்று கேட்காமல் கொடுத்தார்.

அடுத்த வெள்ளி எனக்கு மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். அந்த எதிர்க் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.