நிழலைக் கண்டு திரும்பியவள்

ஏழு கழிமுகமும் ஆளும் பெருந்தேவி உலகுடையாள் எழுதுவிப்பது: நெடுந்துறைக் காவலர் மாறன் கண்டீரர் காண்க. நும் உப்பளம் வெளுக்க, நும் மனை தழைக்க, நும் தலைவலி தீர்க.

சென்ற வெள்ளியன்று நும் வடக்கு வாயிலில் எழுந்த கூச்சலை யாமும் கேட்டோம். பல்லக்குத் தண்டில் விரிசல் என்று சொல்லி அங்கேயே நிறுத்துவித்தோம், விரிசல் ஏதுமில்லை. அரசியர் ஒட்டுக்கேட்கலாகாது என்பீராயின், மீன் விற்கும் அழிசியை முதலில் மெல்லப் பேசச் சொல்லும். “அடே கொற்றா, அவளுக்குக் காது கேளாதென்று ஊருக்கே தெரியும், உன் தடிக்கு மட்டும் தெரியாதோ!” என்று அவள் கத்தியது கடலுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு விசாரித்தறிந்தோம். உடற்குறை உடையார்க்கு மதிற்பணியினின்று விலக்கு அளித்தது எம் பாட்டனார் ஆணை. காது கேளேன் என்பார் பொய்யரோ என்று பார்க்கப் பின்னின்று அதட்டித் தடியோங்குவது நும் ஊர் தானே சேர்த்துக்கொண்ட வழக்கம். அசையாதவர்க்கு அத்தடியால் ஓர் அடி. அசைந்தவர்க்கு இருபது சவுக்கடி. நல்ல நீதி!

உப்புக் காய்ச்சும் வேண்மாள் அசைந்தாள். வாயிலதிகாரி கொற்றன், கேட்கிறது பார் என்று குதித்தான். நீவிரும் வரும் முழுமதிக்கு இருபது அடி விதித்தீர். அன்று காலை வெயில் கொற்றன் முதுகிலிருந்தது, ஓங்கிய தடியின் நிழல் அவள் முன்னே மண்ணில் விழுந்தது என்று அழிசி மும்முறை சொன்னாளாம். நிழலைக் காணக் காது எதற்கு, கண்டீரரே? வேண்மாளோ அத்தடியைப் பிடுங்கி முறித்து அவன் காலடியில் போட்டாள். அவள் சொன்னது கூடியிருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது; நுமக்கு மட்டும் விளங்காதது வியப்பே.

ஆகவே அவ்விருபது அடியும் இன்றே ஒழிக. இனி எம் நாட்டு வாயில் எதிலும், சோதனை என்றோ விளையாட்டு என்றோ, உடற்குறை உடையார்மேல் கையோங்குவோன் பதவியிழந்து மன்றத்தில் நிற்பான். கண்டும் வாளாவிருந்த காவலரும் அவனருகே நிற்பார். ஐயமெழுந்தால் அண்டை வீட்டார் மூவரைக் கேளும். எவர் வீட்டில் குழம்பு தீய்ந்தது என்று அறிந்த மக்கள், எவருக்குக் காது கேளாதென்றா அறியார்?

இது எம் ஆணை. இரட்டைச் சங்கு முத்திரை இட்டோம்.

எம் விசாரணை அறிந்த கொற்றன் நள்ளிரவே மூட்டை கட்டி மனைவியூராம் புன்னைவாயிலுக்குக் குடிபெயர்ந்தான் என்றும், மாமனார் தயவில் அங்கும் வாயிலதிகாரியானான் என்றும் கேள்வி. இவ்வோலையின் படியொன்று அவ்வூருக்கு இதற்கு முன்னரே போயிற்று. அதை வாயிலில் நின்று ஊர் கேட்க உரக்கப் படித்த பின்பே, புதிய அதிகாரி பதவி விலகிச் செல்லலாம்.