மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே சேனல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திவ்யா சொன்னபடியே வாங்கி வந்துவிட்டாள். சோப்பு டப்பா அளவில் ஒரு கருப்புப் பெட்டி. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வருகிற வயர் அதன் முதுகில் நுழைகிறது. இன்னொரு வயர் வைஃபைக்குப் போகிறது. அவ்வளவுதான். டிவியில் ஓடுகிற சேனல் எல்லாம் இனி வீட்டில் யார் போனிலும் ஓடும். வீட்டு வைஃபை எட்டும் வரைதான். தெருவில் இறங்கினால் வராது.

எனக்காகத்தான் வாங்கினாளாம். பக்கத்துக் கல்பட்டறையில் கல் அறுக்கிற கிரைண்டரைப் போட்டால் ஹால் டிவியில் எல்லாரும் வாயசைப்பதுதான் தெரியும். போதாக்குறைக்கு என் தையல் மெஷின் இருப்பது பின்னறையில். இனிமேல் மெஷின் மேல் போனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜாக்கெட் தைக்கலாம். மகளை இன்ஜினியரிங் படிக்க வைத்ததற்கு முதல் பலன்.

ஒரே ஒரு குறை. பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்குமாம். யார் தன் போனில் மாற்றினாலும் எல்லார் போனிலும் மாறிவிடும். சண்டை போடாமல் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

இது குறையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குறை இல்லை. வரம்.

காலையில் என் வீட்டுக்காரர் வேன் எடுக்கப் போகும் முன் போனோடு பாத்ரூமுக்குள் போனார். அரசியல் விவாதம் கத்துகிற கத்து அடுப்படி வரை கேட்டது. நான் தோசையைத் திருப்பிவிட்டு, என் போனில் பொம்மைப்படச் சேனலுக்கு மாற்றினேன். உள்ளே திடீரென்று அமைதி. பிறகு ஒரு எலி பாட்டுப் பாடியது.

"இன்னாம்மே இது, எலி ஓடிகினு கீது?" என்றார் உள்ளேயிருந்து.

சிக்னல் கோளாறாக இருக்கும் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

எனக்கு வருவது கோபமா சிரிப்பா தெரியவில்லை.

போனில் சீரியல் ஓடும்போது மூலையில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும், பக்கத்தில் ஒரு எண். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அதுதானாம். இவர் சவாரிக்குப் போயிருந்தார். திவ்யா குளித்துக்கொண்டிருந்தாள். நான் ஒருத்திதான் பார்க்கிறேன். எண் இரண்டு காட்டியது.

திவ்யா வந்து அந்தக் கண்ணை அழுத்தினாள். இரண்டு பெயர் வந்தன. ஒன்று நான். இன்னொன்று சகுந்தலா.

சகுந்தலா! மேல் வீடு! என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. என் ஓர்ப்படி. திவ்யாவின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். நானும்தான் பேசவில்லை. ஏன் பேசணும்? விழா வீடியோவை எல்லாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பந்திக் காட்சியில் இவள் யாரிடமோ சொன்னது வீடியோக்காரன் மைக்கில் தெளிவாக விழுந்திருந்தது: "பாதிப் பந்தி அவ பொறந்த வூட்டு ஆளுங்கதான். நம்ம ஜனத்துக்கு எங்க பிரியாணி மிஞ்சும்?" என் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஒன்று சொல்ல, இவள் ஒன்று சொல்ல, கடைசியில் மாடிப்படியைக்கூடப் பாதி பாதியாகப் பெருக்குகிற நிலைமை.

பாஸ்வேர்டு எப்படிப் போனது? சாயந்திரம் இவரைப் பார்த்தேன். என் கேள்வி முடியும் முன்னே முகம் மாறிவிட்டது. அண்ணன் போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதென்று கொடுத்தாராம். அண்ணன் கேட்டதால்தான் ஆப்பை அண்ணி போனிலும் போட்டுக் கொடுத்தாராம்.

ஒரு க்ளிக்கில் பெரியம்மாவை வெளியே தள்ளிவிடலாம், தள்ளட்டுமா என்று திவ்யா கேட்டாள்.

வேண்டாம் என்றேன். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏழரை மணி சீரியல். இத்தனை நாளாக அந்த வீட்டு மருமகள் பீரோ சாவியைத் தேடினாள். இன்றைக்குக் கிடைத்துவிட்டது. பீரோ முன்னால் நிற்கிறாள். சாவியைத் திருப்புகிறாள். கதவு மெதுவாக...

வேளாண்மைச் சேனலுக்கு மாற்றினேன். வெண்டைக்காயில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு நடை, ஜன்னல் வரைக்கும், திரும்ப இந்தப் பக்கம். சிக்னல் பிடிக்கிறாள் போல. பீரோக் காட்சி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு திரும்பவும் சீரியலுக்கு வந்தேன். எனக்கும்தான் பீரோவுக்குள் என்ன இருந்ததென்று தெரியாமல் போனது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கும் மாற்றினேன். மேலே ஒரு பாத்திரம் விழுந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டே ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இரண்டு தடியர்கள் ஜட்டியோடு கட்டிப் புரண்டார்கள். மல்யுத்தம். இவரும் வீட்டில் இல்லை, திவ்யாவும் இல்லை. சமையலுக்கு மாற்றினேன். தடியர்கள் வந்தார்கள். மறுபடி மாற்றினேன். மறுபடி வந்தார்கள்.

கண்டுபிடித்துவிட்டாள்.

அதைவிட மோசம், நான் கண்டுபிடித்ததையும் கண்டுபிடித்துவிட்டாள். இருந்தும் என்ன செய்ய முடியும்? உன் வீட்டு வைஃபையில் திருட்டுத்தனமாக டிவி பார்க்கிறேன், நீ தொந்தரவு செய்கிறாய் என்று படியிறங்கி வந்து சண்டை போடுவாளா? நான்தான் மேலே போய்க் கேட்பேனா? இரண்டு பேருக்கும் வாயில்லை. விரல்தான்.

மல்யுத்தத்தை முழுசாகப் பார்த்தேன். சிவப்பு ஜட்டி ஜெயித்தான்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. காலையிலிருந்து வெறும் வயிறு. பெருமாள் புறப்பாடு நேரலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கருடன் மேல் சாமி ஏறிய நேரத்தில் திரை மாறியது. ஒரு ஆள் மண்சட்டியில் நண்டு மசாலா செய்கிறார். சின்ன வெங்காயம் பொன்னிறமாகிறது.

பாவி. அவளும் இன்றைக்கு விரதம்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு புரட்டாசி விட்டதில்லை. என்னை வதைக்க அவளும் வதைபடத் தயார்.

மாற்றலாம் என்று விரலை வைத்தேன். மாற்றவில்லை. அவளும் மாற்றவில்லை. நண்டு வெந்து, கொத்தமல்லி தூவி, அந்த ஆள் காலை உடைத்து உறிஞ்சும் வரை மேலேயும் சத்தமில்லை, கீழேயும் சத்தமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

மேல் வீட்டு மாமா வந்தார். பூபாலன் மாமா, சகுந்தலாவின் வீட்டுக்காரர். தம்பியிடம் பேசணும் என்று சொல்லி ஹாலில் உட்கார்ந்தார். அவர்கள் மகன் தமிழ்வாணன் செங்கல்பட்டில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான் அல்லவா, அங்கேயே போய்விடப் போகிறார்களாம். மேல் வீட்டைச் சென்னைக்காரர் ஒருவர் கேட்கிறார், சுற்றுலா வருகிறவர்களுக்கு ரூம் போடுவதற்கு. வீடு மாமனார் கட்டினது, இன்னும் பிரிக்கவில்லை. அதனால் தம்பியின் சம்மதம் வேண்டும்.

"எத்தினி வருஷம் இந்தப் பேஜாரு? ரெண்டு பொம்பளைங்களும் மூஞ்சியத் திருப்பிகினு," என்றார் என் பக்கம் பார்க்காமல். "நாங்க தூரமா போய்ட்டா உங்களுக்கும் நிம்மதி."

இவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அவர் போன பிறகு கேட்டேன், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று. திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"நீதான அவங்க போனா தேவலைன்னு சொல்லிகினு இருந்த?"

சொன்னேன். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் இது.

செப்டம்பர் 29, திங்கள்

சீரியலை மாற்றவில்லை. அவளும் எதையும் மாற்றவில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை தடங்கலில்லாமல் ஓடியது.

இவ்வளவு மட்டமான சீரியலையா இத்தனை நாள் பார்த்தேன்?

அக்டோபர் 3, வெள்ளி

படியில் சகுந்தலா திவ்யாவை நிறுத்தினாளாம். திவ்யாதான் சொன்னாள். அந்தப் பெட்டி செங்கல்பட்டில் வேலை செய்யுமா என்று கேட்டாளாம். இந்த வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான், வேணுமானால் தமிழ்வாணன் அண்ணனை அங்கே ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"அதுல இன்னா கீது, அங்க நான் மட்டும்தான பாக்கணும்?" என்றாளாம். சொல்லிவிட்டுத் தான் வேலை பார்க்கிற அங்கன்வாடிக்குப் போய்விட்டாளாம்.

அப்படியேவா சொன்னாள் என்று கேட்டேன். திவ்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்படியென்றால் அவளுக்கும் போக இஷ்டமில்லை. அதை மாமாவிடம் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள். நான் இவரிடம் சொன்னேனா?

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சென்னைக்காரர் வீடு பார்க்க வந்தார். ஞாயிறு, பட்டறைக்கு லீவு. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மேல் வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த அமைதிதான் பிடிக்கும், தியான வகுப்புகூட வைக்கலாம் என்றார். மாமாவுக்கும் இவருக்கும் முகமெல்லாம் பல். நான் காபியை நீட்டினேன். வாய் தானாகத் திறந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம சார். நாளைக்குக் காலைல ஒரு தபா வந்து பாருங்க."

நாளைக்கு என்ன என்று கேட்டார்.

"கல்லு அறுப்பாங்க சார். பல்லு கூசும்."

சொன்னது நான் இல்லை. மாடிப்படியிலிருந்து சகுந்தலா. நான் திரும்பவில்லை. அவள் நின்ற இடம் மட்டும் தெரிந்தது, மேலிருந்து மூன்றாவது படி, அவள் பெருக்குகிற பங்கு.

துவைத்துப் போட்ட துணியெல்லாம் கல்தூசியில் மாவு பூசின மாதிரி ஆகிவிடும் என்றேன். உப்புக் காற்றில் குழாய் ஒரு வருஷம் தாங்காது என்றாள் அவள். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எங்கள் அடுப்படியில் இருக்கிறது, எனக்கு ஞாபகம் வந்தால்தான் போடுவேன் என்றேன்.

"அவ மறதிக்காரி சார்," என்றாள்.

"ஆமா சார்," என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சொன்னோம். நான் முடித்த இடத்தில் அவள் எடுத்தாள். சென்னைக்காரர் பாதிக் காபியோடு எழுந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

மாமா படிப்பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாதாம்மே வேணும்?"

"எனக்கு இந்த வூடு போதும். அங்க போயி நாலு செவுத்தப் பாத்துகினு குந்திகினு கெடக்க என்னால ஆவாது." முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் வரேன்னு உன்கிட்ட எப்பச் சொன்னன்?"

மேலே போய்விட்டாள்.

சாயந்திரம் நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்த பழைய படம் கிளைமாக்ஸில் நின்று, மல்யுத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

மாமா தமிழ்வாணனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், உங்கம்மா வரமாட்டா, நீ வேணா லீவுல வா என்று.

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் பின்னறை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சகுந்தலா. கையில் தீபாவளிப் புடவையும் ஜாக்கெட் துணியும்.

பஸ் ஸ்டாண்டு டெய்லர் தேதி தள்ளித் தள்ளிச் சொல்கிறான் என்றாள். பண்டிகை நேரத்தில் எனக்கும் வேலை தலைக்கு மேலே என்றேன். சொல்லிக்கொண்டே அளவு டேப்பை எடுத்துவிட்டேன்.

தோளில் வைத்தபோது தெரிந்தது, இளைத்திருக்கிறாள். பழைய அளவு எனக்கு மனப்பாடம், எல்லாம் குறைந்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்கவில்லை. டேப் இடுப்பில் இருந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அன்னிக்குப் பந்தில சொன்னத உங்கம்மா காதுல உழணும்னு சொல்லல."

"தெரியும்க்கா," என்றேன். தெரியாது. இப்போதுதான் தெரியும்.

"கையி கொஞ்சம் லூசா வை," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 18, சனி

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அவள் ஜாக்கெட்டை முடித்தேன். நன்றாக வந்தது. கழுத்துக்குப் பின்னால் ஓரமாக ஒரு மெல்லிய பைப்பிங் பட்டி, அவள் கேட்காதது. கடைசியில் கொக்கி வைக்கும்போது ஒன்றை மட்டும் ஒரு விரல் தள்ளித் தைத்தேன். வேண்டுமென்றேதான்.

போட்டுப் பார்த்தாள். மாட்டும்போது ஒரு பக்கம் இழுத்தது. கண்ணாடியில் அந்தக் கொக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் சட்டை கிழிந்தால் கையாலேயே தைத்துக் கொடுப்பது இவள்தான். இந்த ஒரு கொக்கியைப் பிரித்துத் தைக்க இவளுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

"கொக்கி சரியில்ல," என்றாள். "நாளைக்கு வரேன்."

ஜாக்கெட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.