வெட்டாமல் நிற்கும் வரப்பு

கீழ்வேளூர்,
ஆனி 28

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போர்ச்சுகலில் நீ வேலை செய்யும் காட்டுப் பக்கம் மறுபடி தீ என்றதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, வண்டு எண்ணுகிற மும்முரத்தில் இருக்காதே, புகை தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடு. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை எழுதி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பங்குனியில் நீ வந்து வயலில் வண்டு விழுந்தால் எண்ணுவதற்காகப் புதைத்த பிளாஸ்டிக் டம்ளர்களோடு சேர்த்து அவர் வைக்கோலைக் கொளுத்தியது தப்புதான். கட்டு கட்டும் மெஷின் வராத கோபத்தில் எப்போதும் போல நாலு பக்கமும் தீ வைத்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தால் வண்டுகள் வரப்புக்காவது ஓடிப் பிழைத்திருக்குமே என்று நீ அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. அன்று சாப்பிடாமல் கிளம்பியவள் இன்றுவரை அவரோடு பேசவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. டம்ளர்கள் உருகிப்போனதால் கொட்டாங்குச்சிகளை எடுத்துப்போய் வரப்போரத்திலும் நடுவயலிலும் அவரே புதைத்தார், டீகூடக் குடிக்காமல் தினமும் போய்ப் பார்ப்பார், ஊரே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். முதலில் வெறும் எறும்பு. கோடை மழைக்குப் பிறகு வரப்போரத்தில் கறுப்பு வண்டு விழுந்தது, நடுவயலில் ஒன்றும் காணோம். எரிந்த காட்டுக்குப் பக்கத்தில் எரியாத இடம் மிஞ்சியிருந்தால்தான் அங்கிருந்து வண்டு திரும்பும், சிலதுக்கு வருஷக்கணக்காகும் என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். போன வாரம் நடுவயலில் ஒரு வண்டு. வீடுவரை கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுத் திரும்பப் போய் வரப்புப் புல்லில் விட்டுவிட்டு வந்தார்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, எல்லோரும் வரப்பை வெட்டிச் சேறு அணைத்தாகிவிட்டது. வரப்பு வெட்டுகிற இராஜாங்கம் மண்வெட்டியோடு வந்தால், "சுடரக் கேக்காம அதுல கை வைக்கக் கூடாதுப்பா, அதுங்க அங்கதான் இருக்கு" என்று அப்பா திருப்பி அனுப்புகிறார். கேளுங்க என்றால் போனை எடுக்கிறார், உன் படத்தைப் பார்க்கிறார், வைத்துவிடுகிறார். எனக்குத் தாங்கவில்லை சுடர்.

தலைக்கு எண்ணெய் வை, தனியாகக் காட்டுக்குள் போகாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். எந்த வரப்பை வெட்டலாம், எதை விடலாம் என்று அப்பாவிடமே சொல், என்னிடம் சொல்லி அனுப்பினால் நான் சொல்ல மாட்டேன். நடவுக்கு நாள் தள்ளிப்போகிறது, நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது.

உன் அம்மா,
செ. அம்சம்