பனி உடுப்பில் வைத்த மஞ்சள்

என் புவனா, என் செல்ல மச்சாள்,

நீ போன பிறகு வருகிற முதல் நத்தார்ப் பண்டிகை இது. ஜேர்மனியில், இந்த ஹம் நகரத்தில் பனி இன்னும் விழவில்லை. ஒரே மழை. உன் கம்பளிச் சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுத்து மடித்து வைக்க மனம் வரவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. எழுத்துப் பிழைகளை என் மகள் சுகந்தி திருத்துவாள். தமிழ்ச் சங்க மலரில் போடப் போகிறாளாம். போடட்டும். இதைப் படிக்க வேண்டிய ஒருவர் இந்த ஊருக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவர் பெயரை எழுத மாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் உன் புருஷனைக் கடையோடு கொளுத்தினார்கள். என் வீட்டுக்காரர் தன் தங்கச்சியைத் தனியே விட்டு வர மாட்டேன் என்று நின்றார். அப்படித்தான் நீ எங்களோடு இந்தக் குளிருக்குள் வந்தாய். ஹைமில், அந்த அகதி விடுதியில், நாலு பேருக்கும் ஒரே அறை, சமைக்க மாடிக்கு ஒரே குசினி. பொட்டும் இல்லை, பூவும் இல்லை. யாருக்கும் முன்னால் வர மாட்டாய். சுகந்திக்குத் தலை இழுத்துப் பின்னுவதும் சட்டை தைப்பதும்தான் உன் வேலை.

பழைய உடுப்புக் கொண்டுவரும் தேவாலயத்து மனுசிதான் சுகந்தி அறைகளுக்கு நடுவில் உள்ள ஓடையில் ஆடியதைக் கண்டு, தேவாலய மண்டபத்துப் பாலே வகுப்பில் சேர்த்துவிட்டாள். நீயும் நானும் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் இருப்போம். முதலில் பெரிய பெட்டைகள் ஆடுவார்கள். மினுமினுக்கிற இறுக்கச் சட்டை, நெற்றியில் பட்டி, கணுக்காலில் சுருங்கிக் கிடக்கிற கம்பளிக் காலுறை. வானொலிப் பெட்டி அதிர அதிரத் துள்ளுவார்கள். நீ என் காதுக்குள் சொன்னாய், “மச்சாள், கணுக்காலுக்குக் கம்பளி போட்டிட்டுத் துடையை வெறுமனா விட்டிருக்கினம். குளிர் எந்தப் பக்கத்தால வருமாம்?” நீ சிரித்ததை இந்த நாட்டில் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு சின்னவர்களின் முறை. கொண்டை, வலை, இளஞ்சிவப்புக் காலுறை. தோல் நிறக் காலுறை என்று அதற்குப் பெயர். யாருடைய தோல்? ஊரில் சுகந்தி பரதம் தொடங்கியிருந்தாள், காலைத் தட்டித்தான் பழக்கம். இங்கே சத்தம் கேட்டால் ஆசிரியை உதட்டில் விரலை வைப்பாள். நீதான் ஹைம் ஓடையில் அவளை நடத்தி நடத்திப் பழக்கினாய். “பூனை மாதிரி வையடி என்ர குஞ்சு. நிலத்துக்குத் தெரியக் கூடாது.”

எண்பத்தாறு நத்தாருக்குப் பனி நடனம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி வெள்ளை வலை உடுப்பு, வகுப்புக்காரர் இரவலாய்த் தந்தது. சுகந்திக்குத் தொளதொளத்தது, நீ பிடித்துத் தைத்தாய். தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தாய், உன் முகம் கறுத்துப் போனது. “பச்சைப் பிள்ளைக்கு முழு வெள்ளையோ மச்சாள்?”

புதுச் சட்டையின் மூலையில் மஞ்சள் தொடாமல் எங்கள் வீட்டில் யார் உடுத்தியிருக்கிறோம்? கறிக்கு வைத்திருந்த மஞ்சள் தூளைக் குழைத்து உன் முன்னால் வைத்தேன்.

“நீ வை புவனா.”

“எனக்கு ஏலாது. நான் வைக்கக் கூடாது, நீங்கள் வையுங்கோ.”

“நீ தைச்ச உடுப்பு, நீ பழக்கின பிள்ளை. ஆர் வைக்கிறது வேற?”

நீ விரல் நுனியால் தொட்டாய். விளிம்பில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். புருஷன் போன பிறகு நல்ல காரியத்துக்கு நீ மஞ்சள் தொட்டது அன்றுதான். சுகந்தி உன் கழுத்தைக் கட்டி, “மாமி, இப்ப நான்தான் வடிவு, என்ன?” என்று கேட்டாள்.

மண்டபத்தில் ஆசிரியை அந்தப் பொட்டைக் கண்டாள். அழுக்கு என்று நினைத்துவிட்டாள். நாங்கள் “நைன், நைன்”, வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு ஓடுவதற்குள் ஈரத் துணியில் சவர்க்காரத்தைத் தேய்த்து உரசிவிட்டாள். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா? ஒரு பொட்டாய் இருந்தது உள்ளங்கை அளவுக்குப் பரவிச் செக்கச்செவேல் என்று சிவந்தது. அவள் துணியைப் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

விளங்கப்படுத்த, பெயர் எழுத மாட்டேன் என்றேனே, அவரைக் கூப்பிட்டோம். ஹைமில் நன்றாய் டொச், அதுதான் ஜேர்மன் பாஷை, தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எல்லாருடைய அலுவலக டெர்மினுக்கும் மொழிபெயர்க்க அவர்தான் போவார், அதனால் எல்லாரும் அவருக்கு அடக்கம். கோட்டும் கழுத்துப்பட்டியுமாய் வந்து ஆசிரியையிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார். அதில் ஒன்றும் நமக்கு விளங்கவில்லை, சுகந்திக்கு விளங்கியது. இதுகள் காட்டுச் சனம், துப்புரவு தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாராம். பிறகு உன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“தாலி இல்லாத கை தொட்டால் மஞ்சளும் ரத்தமாகும். உமக்குத் தெரியாதே, தங்கச்சி?”

மாற்று உடுப்பு இல்லை. சுகந்தியின் உடுப்பைக் கழற்றி அவளை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். பெரிய பெட்டை ஒருத்தி தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டாள், அந்தப் பிள்ளை நல்லாயிருக்கட்டும். மற்றப் பிள்ளைகள் வெள்ளையாய்ச் சுழன்றார்கள். சுகந்தியின் கால் மட்டும் வாங்குக்குக் கீழே, சத்தமில்லாமல், ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை எங்கள் அகதி வழக்கு, கூட வர வேண்டியவர் அந்த மனுசன். அதையும் நான் மறக்கவில்லை, செத்த புருஷன் என்றாலும்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்குமோ என்னவோ. கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டாய். சுகந்தி பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்க்கக் கூப்பிட்டேன், குசினிக்குள் நின்றாய். அவள் கலியாணத்துக்கு மண்டப வாசலோடு நின்றாய். அவள் மகள் நிலா பிறந்தபோதுகூட, “நீங்கள் முதல் தூக்குங்கோ மச்சாள்” என்றாய். சுகந்திப் பிள்ளை ஆட்டத்தை விட்டது உன்னால் என்று எத்தனை வருசம் நினைத்தாய்? சுகந்தி பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. ஏன் என்று நீ அவளைக் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. அந்த ஆள் மட்டும் எல்லாக் கலியாணத்திலும் முன் வரிசையில் இருந்தார்.

உன் செத்தவீட்டுக்கும் வந்தார், பொல்லூன்றிக்கொண்டு. நீ பெட்டிக்குள் முழு வெள்ளையில் கிடந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பையில் மஞ்சள் கொண்டுபோயிருந்தேன். உன் சேலைத் தலைப்பைத் தூக்கினேன். பெண்டுகள் குசுகுசுத்தார்கள். அவர் கிட்ட வந்தார்.

“அக்கா, என்ன செய்யிறியள்? அவவுக்கு வைக்கிற முறை இல்லை. அதுவும் அண்ணை போன பிறகு, உங்கட கையாலயோ?”

“ஓம், இந்தக் கையாலதான். ரத்தமாகுதோ எண்டு நிண்டு பாருங்கோ.”

வைத்தேன். மஞ்சளாய்த்தான் இருந்தது, புவனா. அவர் நின்றார், பார்த்தார். திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த வாய்க்குள் இல்லை. இருந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். உனக்கு இதெல்லாம் இனி எதற்கு என்று சுகந்தி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நெருப்புக்குள் போனது போனதுதானே.

இப்போது ஒரு புதினம், புதுச் செய்தி. நிலா இந்த நத்தாருக்குப் பாலே ஆடுகிறாள். வெள்ளை உடுப்பு கதிரையில் கிடக்கிறது. காலுறை அவள் தோல் நிறத்திலேயே கடையில் கிடைக்கிறது, உனக்கு நம்ப ஏலாது. இன்று காலை மஞ்சளைக் குழைத்தேன். அவள் மெல்ல, “அம்மம்மா, உள்பக்கம் வையுங்கோவன், ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள். சுகந்தி வாசலில் நின்றாள். அவள் முகத்தில் அந்த வாங்கைக் கண்டேன்.

“குடுங்கோ அம்மா,” என்று கிண்ணத்தை வாங்கினாள். பிறகு என் கையைப் பிடித்து அதற்குள் வைத்தாள். “வெளியில வையுங்கோ. ஆரும் சவர்க்காரத்தோட வந்தால் நான் கதைக்கிறன். டொச் எனக்கும் தெரியும்.”

இன்னும் வைக்கவில்லை. இதை எழுதி முடித்துவிட்டு வைக்கப்போகிறேன். சத்தியமாய்ச் சொல்கிறேன் புவனா, வெளி விளிம்பில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைப்பேன். என் கழுத்திலும் இப்போது தாலி இல்லை. நீ மடக்கிக்கொண்டு போன கையும் இந்தக் கையும் ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அண்ணன் பெண்சாதி, உனக்கு எப்போதும் மச்சாள்