முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். 'அன்புள்ள' என்று ஆரம்பித்தேன், அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். போன மாதம் பதினாறாம் தேதியிலிருந்து நீங்கள் என் கணவர் இல்லை. பாப்பாவின் அப்பா என்பதை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாது. அதனால்தான் இப்படி.

முதலில் டப்பாவைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு படியுங்கள். வலது கண் மைனஸ் நாலே கால், இடது மைனஸ் மூணே முக்கால். நீங்கள் ஊரை விட்டுப் புறப்படும் முன் எங்கள் கடையில் பரிசோதித்த பவர். லென்ஸை நானே தேய்த்துப் பொருத்தினேன். இடது பக்கக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன். உங்களுக்கு அந்தக் காது சற்று தாழ்ந்திருக்கும், இறுக்கினால் புண்ணாகிவிடும்.

ஆமாம், உங்கள் கடிதம் வந்தது. ஏழு மாதத்துக்கு முன்பே வந்தது.

பாப்பா இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைத் திறந்தால் சொல்லை விடக் காற்றுதான் அதிகம் வருகிறது. கணக்கில் கெட்டி, கையெழுத்து உங்களுடையது போலக் கோழி கிளறியது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. நான் அதே கண்ணாடிக் கடையில், அதே லென்ஸ் வெட்டும் மெஷினுக்கு முன்னால்தான் இருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் விவாகரத்து வாங்கிவிட்டேன். நீங்கள் முதல் வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் பேசினீர்கள். அப்புறம் நம்பர் செத்துவிட்டது. இரண்டரை வருஷம் ஒரு தகவலும் இல்லை. அந்த இரண்டரை வருஷத்தில் நாங்கள் மூன்று வீடு மாறினோம். வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "புருஷன் எங்க?" வெளிநாட்டில் என்றால் முகம் மலரும். "எப்ப வருவாரு?" என்பது அடுத்தது. தெரியாது என்றதும் மலர்ந்த முகம் சுருங்கி, "இல்லம்மா, எங்க மச்சான் குடும்பம் வர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்று கதவு சாத்திக்கொள்ளும். ஊரில் எத்தனை மச்சான்களடா என்று நினைத்துக்கொள்வேன். பாப்பாவை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது குமாஸ்தா அப்பா கையெழுத்து கேட்டார். அப்பா இல்லை என்றேன். "செத்துட்டாரா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப போய் வாங்கிட்டு வாங்க" என்றார், ஏதோ அடுத்த தெருவில் நீங்கள் டீ குடித்துக்கொண்டிருப்பது போல. செத்தவன் பெண்டாட்டிக்காவது ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். காணாமல் போனவன் பெண்டாட்டிக்கு எந்த ஆபீசிலும் ஒரு காகிதம் கிடையாது. அந்தக் காகிதத்துக்காகத்தான் போனேன். வேறு ஆள் யாரும் இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

சம்மன் உங்கள் அண்ணன் வீட்டு முகவரிக்குப் போனது. கோர்ட் சேவகரிடம் உங்கள் அண்ணன், "அவன் இருக்கானா செத்தானான்னே எங்களுக்குத் தெரியாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பாவம், அவர் சொன்னது நிஜம். அடுத்து பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். அதற்கு முன், உங்கள் இருப்பிடம் எனக்குத் தெரியாது, எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை வரச் சொன்னார் வக்கீலம்மா.

சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

முதல் கம்பெனியிலிருந்து ஓடிவந்ததையும், பாஸ்போர்ட் அந்தக் கம்பெனிக்காரனிடம் மாட்டிக்கொண்டதையும், ஒளிந்து வேலை செய்வதையும், முகம் காட்ட வெட்கப்பட்டதையும் எழுதியிருந்தீர்கள். கோபம்தான் வந்தது. வெட்கப்பட உங்களுக்கு இரண்டரை வருஷம் கிடைத்தது, எனக்கு ஒரு மத்தியானம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் மூன்று வரி. 'கண்ணாடி உடைந்து ஒரு பக்கம் லென்ஸே இல்லை, கம்பி கட்டிப் போட்டிருக்கிறேன். கட்டட வேலைக்குச் சாரத்தில் ஏறினால் கீழே தரை கலங்கலாகத் தெரிகிறது. என் பவர் உனக்குத்தான் தெரியும், ஒன்று செய்து அனுப்பு.'

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சும்மா கேட்பது போல, முகவரி கிடைத்தால் என்ன ஆகும் என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். "கிடைச்சா? அந்த நாட்டு மொழியில எல்லாத்தையும் எழுதி, நம்ம சர்க்கார் அவங்க சர்க்காருக்கு அனுப்பி, அது திரும்பி வர்றதுக்குள்ள உன் பொண்ணு காலேஜ் போயிடுவாம்மா. தெரியாதுன்னா ஆறு மாசம்" என்றார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "தெரியாதுதானே?"

தெரியாது என்றேன். கையெழுத்துப் போட்டேன். யாரும் படிக்காத ஒரு பேப்பரில், முழங்கால் வலித் தைலத்துக்கும் பழைய பைக் விற்பனைக்கும் நடுவில் உங்கள் பெயர் வந்தது. நீங்கள் வரவில்லை. எப்படி வருவீர்கள்? கோர்ட்டில் கேட்டபோதும் தெரியாது என்றே சொன்னேன்.

கண்ணாடியும் அனுப்பவில்லை. பத்து நிமிஷ வேலை. ஆனால் பார்சல் போட்டால் ரசீது கொடுப்பார்கள். ரசீதில் முகவரியும் தேதியும் இருக்கும். ஏழு மாதம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் லென்ஸ் வெட்டினேன். மைனஸ் நாலு வந்தால் கை நின்றுவிடும். முதலாளி, "என்னம்மா, மெஷின் ரிப்பேரா?" என்பார். ஆமாம் சார் என்பேன்.

இதோடு போயிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். அவ்வளவு யோக்கியமானவள் இல்லை. பாப்பா உங்கள் கவரிலிருந்து தபால்தலையைக் கத்தரித்துத் தன் நோட்டில் ஒட்டியிருந்தாள். அதில் அந்த நாட்டு முத்திரையும் தேதியும் இருந்தன. யாராவது கேட்டால் கடைக்கு வந்த கவர் என்று சொல்லச் சொன்னேன். "அப்ப அப்பா லெட்டர் போடலையா?" என்றாள். போடவில்லை என்றேன். "நீ அதைப் படிச்சு அழுதியே" என்றாள். கண்ணில் தூசி என்றேன். அவள் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா அவளிடம், "அப்பாகிட்டயிருந்து ஏதாச்சும் வந்துச்சாடி?" என்றார். நான் உள்ளே இருந்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், "அவர் எங்க இருக்காருன்னே எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றாள். கோர்ட்டில் நான் சொன்ன அதே குரல். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவளை உட்காரவைத்து, தபால்தலை அப்பா அனுப்பியதுதான், நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். "எனக்கு முன்னாடியே தெரியுமே" என்றாள். அந்த ஓட்டைப் பல் சிரிப்பை மட்டும் காணவில்லை.

எனக்கு விவாகரத்து வேண்டாம் என்று எழுதவில்லை. வேண்டும், இப்போதும் வேண்டும். ஆனால் உங்களை இல்லாத ஆளாக்கி வாங்கியிருக்கக் கூடாது. விஷயம் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கொஞ்ச காலம் அவகாசம் உண்டு, அதற்குள் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லலாம். என் கையால் எழுதிய இந்தக் கடிதம் ஒன்றே போதும். எந்த வக்கீலிடம் காட்டினாலும் சொல்வார். எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாம். இந்தப் பார்சலைப் பதிவுத் தபாலில்தான் போடுகிறேன், ரசீதைக் கிழிக்க மாட்டேன்.

பவர் ஏறியிருக்கலாம். தலை வலித்தால் எழுதுங்கள், மாற்றி அனுப்புகிறேன். மேலே ஏறும்போது கழற்றி வைக்காதீர்கள்.

வழக்கு போடுங்கள், திட்டுங்கள், பதிலே எழுதாமல் இருங்கள். பார்சலை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று முத்திரை குத்தி இது திரும்பி வந்தால், நான் கோர்ட்டில் சொன்னது உண்மையாகிவிடும். அப்படி மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

நல்லபடியாக இருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா