விராலிமலையில் நிற்கும் விமானம்

ஆவூர்,
7.5.2025, புதன்கிழமை.

அன்பு மகன் சூசைராஜுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் கருணையால், உன் அம்மா சந்தனமேரியின் முழங்கால் வலி நீங்கலாக, இங்கு இருவரும் சுகம். கனடாவில் நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன்.

சென்ற ஞாயிறு, 4ஆம் தேதி, உன் மாமா மகள் சரண்யா தன் பெண் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தை, விராலிமலை நெடுஞ்சாலையோரத்தில் பழைய விமானத்தையே கடையாக்கிய உணவகத்தில் வைத்தாள். நீ பழுதுபார்க்கும் அதே ரகம். ஒரு பக்கம் ஒற்றை இருக்கை, மறுபக்கம் இரட்டை, மொத்தம் ஐம்பது. 14.7.2005 அன்று விடுப்பெடுத்து உன்னிடம் வந்தபோது நான் ஏறியதும் அந்த ரகத்தில்தான். முன்னால் விசிறி சுழலும் பழைய விமானத்தை ஒதுக்கிவிட்டுச் சிற்றூர்களெல்லாம் இந்தச் சின்ன ஜெட்டைக் கேட்கின்றன என்று அன்று பெருமைப்பட்டாய். எரிபொருள் விலை ஏறியபின் ஐம்பது பேரை ஏற்றிக் கட்டுபடியாகாமல் பாலைவனத்தில் நிறுத்துகிறார்கள் என்று பிற்பாடு நீயே எழுதினாய். இங்கே வந்ததற்கு இறக்கையை அறுத்திருக்கிறார்கள், எஞ்சின் இருந்த இடத்தில் தகரம், விமானி அமரும் இடத்தில் கைகழுவும் தொட்டி. பலகையில் ‘புறப்பாடு 12.30’ என்றிருந்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒலிபெருக்கியில் எஞ்சின் சத்தம் 12.41க்குத்தான் வந்தது. பரிமாறியவரிடம் அதைச் சொன்னேன். உன் அம்மா, “பஸ் டெப்போ டைம்கீப்பர் வேலைய விட்டுப் பதினெட்டு வருசமாச்சு, பிளைட்டுக்கும் வேலை போயிருச்சு, ரெண்டு பேரும் பேசாம இருங்க” என்றாள். பதினேழு ஆண்டு பத்து மாதம்தான். ஆனால் அதன்பின் பரோட்டா இறங்கவில்லை.

காரணம் சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் மிச்சமுள்ள விமானங்களில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றப்போகிறார்கள், அந்த வேலைக்கு வருவதா விலகுவதா என்று மே 31ஆம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தாய். மூட்டை ஏற்றவா படித்தாய், விலகிவிடு என்று 16.4.2025 அன்று பதில் போட்டேன். 1994 நவம்பரில் நம் டெப்போவில் மெட்ராஸ் போய்வந்த பழைய பஸ்ஸை டவுன் பஸ்ஸாக்கினார்கள். டிரைவர் நாகராசு, “மெட்ராசு ஓட்டுனவன் கீரனூருக்கா ஓட்டுவேன்” என்று ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். அவனைத் தட்டிக்கொடுத்தவன் நான். பஸ் இன்னும் ஒன்பது ஆண்டு ஓடியது, தினமும் அதைப் புறப்படவிட்டவனும் நானே. நாகராசு எதிர்க்கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான், என்னோடு பேசமாட்டான்.

மூட்டை ஏற்றினாலும் அது பறக்கும். 16ஆம் தேதிக் கடிதத்தைக் கிழித்துவிடு. இதைச் சரண்யா செல்பேசியில் படமெடுத்து இன்றே அனுப்புவாள். தாள் பின்னால் வரும். குளிரில் காதை மூடிக்கொள், ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன் கைகளைக் காப்பாராக. நீ சரிபார்த்துவிடும் முதல் சரக்கு விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதை நிமிடத்தோடு எழுது, குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ம. சவரிமுத்து.