உன் பக்கத்து மண்

இன்று காலை கால்வாய்க் கரையில் குதிரைச் சாணம் மணத்தது. சவாரி பழகும் பிள்ளைகள் யாரோ போயிருக்க வேண்டும். குனிந்து ஒரு பையில் அள்ளினேன். நாயோடு வந்த ஜெர்மன்காரி ஒருத்தி நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

அந்த மணத்தில்தான் உன் அமெரிக்க ஊர் இருக்கிறது. மகள் கூப்பிட்டாள் என்று நீ ஜெர்மனியை விட்டுப் போய்க் குடியேறிய அந்தச் சின்ன ஊருக்கு ஒரேயொரு முறை வந்தேன். கடை வாசலில் குதிரை கட்ட ஒரு மரச்சட்டம். சோளக் காடுகளுக்கு நடுவே கறுப்புக் குதிரை வண்டில்கள். காரும் மின்சாரமும் வேண்டாம் என்று வாழும் அமிஷ் சனங்கள் உன் வேலிக்கு அப்பால் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பழைய ஜெர்மன். நீ வேலியில் சாய்ந்து, அடுத்த வீட்டுக் கிழவரோடு மழையையும் மாட்டையும் பற்றி ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஜெர்மனியில இருக்கேக்க டொக்டரிட்டப் போறதுக்கும் என்னையெல்லோ இழுத்துக்கொண்டு போனனீ. இஞ்ச வந்து வாய் திறந்திட்டுதோ?"

"இஞ்ச ஆரும் என்னைத் திருத்துறேல்லை, மச்சான். நானும் பிழையாக் கதைக்கிறன், அவரும் பிழையாக் கதைக்கிறார். நல்லா விளங்குது."

அந்தக் கிழவர்தான் உன் மிளகாய்க் கன்றுகளுக்குக் குதிரைச் சாணம் தந்தவர்.

பின்னேரம் அவர்களுடைய சேமக்காலையைக் காட்டினாய். கல்லறைக் கற்கள் எல்லாம் ஒரே உயரம். அடுத்த காணி அமிஷ் அல்லாத மற்ற ஊர்க்காரருக்கு. யார் செத்தாலும் அயலவர்கள் மண்வெட்டியோடு வந்து கையால் குழி தோண்டுவார்கள் என்றாய். பிறகு மெல்லச் சொன்னாய்: "நான் இஞ்சதான் கிடக்கப் போறன்."

ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாம். மன்னார் மண் கிடைக்காவிட்டாலும் இங்கேயாவது பக்கத்தில் பக்கத்தில் கிடப்போம் என்று சொன்னவன் நீ. அதற்காகத்தான் இரண்டு பேருக்கான கல்லறை நிலத்தை இருவருமாக எடுத்து வைத்தோம்.

"அப்ப அந்த நிலம்?"

"அது தவணைக்குத் தந்த நிலம். தவணை முடியக் கல்லைப் பிடுங்கிப்போட்டு வேற ஆளைப் போடுவாங்கள். செத்தாப் பிறகும் வீடு மாற என்னால ஏலாது. நீயும் இஞ்ச வா."

"நான் வரேல்லை" என்றேன். விமானம் ஏறும் வரை அதற்குமேல் பேசவில்லை. இன்றும் நான் சொன்னதுதான் சரி. கொடுத்த வாக்கை மாற்றியவன் நீ.

பனிக்காலத்தில் நீ போய்விட்டாய். என் நெஞ்சு வருத்தத்தோடு விமானம் ஏற டொக்டர் விடவில்லை. அடக்கத்தின் படம் ஒன்றாவது அனுப்பு என்று உன் மகளிடம் கேட்டேன்.

"ஏலாது மாமா. அமிஷ் ஆக்கள்தான் குழி வெட்டினவை. தங்களைப் படம் எடுக்கிறது அவைக்குப் பிடியாது. போனைப் பைக்குள்ள வைச்சிட்டன்."

உன் முகத்தையும் நான் பார்க்கவில்லை, உன்னை மூடிய மண்ணையும் பார்க்கவில்லை.

பிறகு அவள் இன்னொன்று சொன்னாள். குழிக்கு அளவெடுக்கும்போது அந்தக் கிழவர், நீ முன்பே கேட்டுவைத்தபடி, வலப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டாராம். "அப்பா உங்களுக்கெண்டு சொல்லி வைச்சவர், மாமா. நீங்கள் வரமாட்டீங்கள் எண்டும் சொன்னவர்."

வரமாட்டேன்தான். இங்கே சேமக்காலைப் பொறுப்பாளர் போன கிழமையும் கேட்டார், நம் நிலத்தில் உன் பாதியை விட்டுத் தரலாமே என்று. அது ஆளுள்ள இடம் என்றேன்.

கால்வாயிலிருந்து நேரே அங்கேதான் போனேன். பை கையை இழுத்தது. உன் பக்கத்து மண்ணைக் கிளறி, சாணத்தைப் போட்டு மூடினேன். என் பக்கத்துக்கு மிச்சம் இருக்கவில்லை.